தோட்டத்துக் கோமாளியும் வானொலிப் பாடகனும்
நகைப்பாடலின் சமூக வரலாறு குறித்த ஒரு நோக்கு

மலையக மக்களின் வாய்மொழி இலக்கியம் பற்றி இதுவரை எழுந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே குரலையே கேட்டுள்ளன. அது துயரத்தின் குரல். கடல் கடந்து வந்த துயர், கோப்பிக் காட்டில் உறவினரைப் பறிகொடுத்த துயர், கங்காணியின் கடனேட்டிற் சிக்கிய துயர் என்பனவே பாடல்களின் உள்ளடக்கமாக எடுத்துக்காட்டப்பட்டு வந்துள்ளன. இத்துயர் மெய்யானது; மறுத்தற்கியலாதது. எனினும், அதே மக்கள் சிரிக்கவும் செய்தனர் என்பதும், அச்சிரிப்புக்கென ஒரு மாந்தனையும் ஒரு பாடல் வகையையும் தமது கூத்தரங்கிலே வைத்திருந்தனர் என்பதும் உரிய கவனம் பெறவில்லை. அம்மாந்தன் கோமாளி, அப்பாடல் அவன் பாடும் நகைப்பாடல்.

சப்பிரகமுவா மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களை மனங்கொண்டு, கோமாளியின் பாடல் எத்தகைய சமூக உறவுகளுக்குள் நின்று தொழிற்பட்டது என்பதையும், வானொலி என்னும் வெகுசன ஊடகம் வந்தபோது அக்குரலுக்கு யாது நேர்ந்தது என்பதையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒப்பீட்டின் பொருட்டு, 1960களில் பிரித்தானிய வானொலியிற் புகழ்பெற்ற நகைச்சுவை நாட்டுப் பாடகன் ஒருவனை முதலில் அறிமுகப்படுத்துதல் பயனுடைத்து. தேயிலையையும் இறப்பரையும் கொண்டுசென்ற அதே பேரரசின் தலைநகரில், ‘மக்கட் பாடல்’ என்பது எவ்வாறு சேகரிக்கப்பட்டு, தூய்மையாக்கப்பட்டு, பின்னர் எள்ளப்பட்டது என்பதை அறிவது நமது நிலையை விளங்கிக்கொள்ளத் துணைசெய்யும்.

1. ஆங்கில வானொலியின் நாடோடிப் பாடகன்

பீ.பீ.சீ. வானொலியில் 1965 மார்ச் முதல் 1968 வரை ‘றவுண்ட் த ஹோர்ண்’ என்ற நகைச்சுவை நிகழ்ச்சி ஒலிபரப்பாயிற்று. பரி ரூக், மார்ட்டி பெல்ட்மன் ஆகிய இருவரும் இதன் முதன்மை எழுத்தாளர்கள். கென்னத் ஹோர்ண் என்பவர் கண்ணியமான, சலனமற்ற நடுவராக நிற்க, அவரைச் சுற்றிப் பல விசித்திர மாந்தர் வந்து போவர். அவர்களுள் ஒருவனே ‘றாம்பிளிங் சிட் றம்போ’ என்னும் நாடோடிப் பாடகன். இலண்டனில் முடிதிருத்துநர் ஒருவரின் மகனாய் 1926இற் பிறந்த நடிகர் கென்னத் வில்லியம்ஸ் இப்பாத்திரத்திற்குக் குரல் கொடுத்தார்.

இப்பாடகனின் உத்தி எளிமையானது. முதலிற் பாடலின் தோற்றம் பற்றி நாட்டாரியல் அறிஞன்போல் ஒரு நீண்ட முன்னுரை. அதன்பின் எல்லோரும் அறிந்த ஒரு பழைய மெட்டில் ஒரு பாடல். பாடலின் வாக்கிய அமைப்பு முற்றிலும் ஆங்கிலம். ஆனால் அதன் முக்கியமான பெயர்களும் வினைகளும் பொருளற்றவை அல்லது எவரும் அறியாதவை. ஒரு சொல் உடலுறுப்பைக் குறிக்கின்றதா, உழவுக் கருவியைக் குறிக்கின்றதா என்று எவராலும் அறுதியிட்டுக் கூறவியலாது. ஆயினும், கேட்டோர் அனைவரும் தமக்குத் தெரிந்த ஏதோ ஓர் ஆபாசப் பொருளைத் தாமே கற்பித்துக்கொண்டு சிரித்தனர். குற்றம் பாடகனுடையதன்று, கேட்பவனுடைய மனத்தினதே என்ற நிலை தோன்றியது. ஞாயிறு நண்பகலில், குடும்பத்தினர் ஒருங்கிருந்து உணவுண்ணும் வேளையில் இது ஒலித்தது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இச்சிரிப்புக்கு இரு வரலாற்றுப் பின்னணிகள் உள. ஒன்று தணிக்கை. 1940களின் இறுதியில் பீ.பீ.சீ. தனது நகைச்சுவை எழுத்தாளர்களுக்கென ஒரு விதிக்கோவையை வகுத்திருந்தது. கழிப்பிடம் பற்றிய பகிடி, ஆண்களின் பெண்மை பற்றிய பகிடி, ஒழுக்கக்கேடு பற்றிய பகிடி ஆகியன அதில் முற்றாக விலக்கப்பட்டிருந்தன. 1960களில் ஹியூ கிறீன் தலைமை இயக்குநராயிருந்த காலத்தில் இவ்விறுக்கம் தளர்ந்ததாயினும், அதன் நிழல் முற்றாக அகலவில்லை. பொருளற்ற சொல் தணிக்கையாளனின் கத்தரிக்கு அகப்படாத சொல்லாகும். இதே நிகழ்ச்சியில் ஜூலியன், சாண்டி என்ற இரு மாந்தர் ‘பொலாரி’ எனப்பட்ட குழூஉக்குறி மொழியிற் பேசினர். ஆண்களுக்கிடையிலான தன்பால் உறவு இங்கிலாந்தில் 1967 வரை குற்றமாயிருந்தது. தண்டனைக்கஞ்சி மறைந்து வாழ்ந்தோரின் மறைமொழி நாட்டின் பொது வானொலியில் வெளிப்படையாக ஒலித்ததெனில், அது சிரிப்பு என்னும் போர்வைக்குள் நின்றமையாலேயே இயன்றது.

மற்றையது நாட்டுப்பாடற் சேகரிப்பின் வரலாறு. 1903இல் சொமர்செற்றின் ஹம்பிறிட்ஜ் என்ற சிற்றூரில், தேவாலய மனையொன்றின் தோட்டக்காரர் பாடிய பாடலொன்றைக் கேட்டு செசில் ஷார்ப் தமது பெருஞ்சேகரிப்பைத் தொடங்கினார். ‘மக்களின் ஆன்மா’ உழவர் பாடலில் உறைகின்றது என்பது அவரது துணிபு. ஆயினும், அம்மக்கள் பாடிய பாலியற் பொருளுடைய வரிகளை அவர் அச்சேற்றவில்லை; நடுத்தர வர்க்கத்தின் வரவேற்பறைக்கும் பாடசாலை வகுப்புக்கும் ஏற்ப அவற்றை மாற்றியே வெளியிட்டார். அவரது கையெழுத்துப் பிரதிகளில் இருந்தவாறே பல பாடல்களை ஜேம்ஸ் றீவ்ஸ் 1958இல் வெளியிட்டபோதுதான், தூய்மையாக்கத்தின் அளவு பரவலாகப் புலப்பட்டது. அதே 1958இல் இயூவன் மக்கோல், பெகி சீகர், சார்ள்ஸ் பார்க்கர் ஆகியோர் பீ.பீ.சீ.யில் ‘வானொலிக் கதைப்பாடல்’களைத் தொடங்கினர். புகையிரத ஓட்டுநர், மீனவர், சுரங்கத் தொழிலாளர் ஆகியோரின் சொந்தக் குரல்கள் அவற்றில் ஒலித்தன.

இவ்விரு போக்குகளுக்கும் எதிரொலியாகவே சிட் றம்போ தோன்றினான். ஷார்ப் வெட்டியெறிந்த ஆபாசத்தை அவன் பொருளற்ற சொல்லாக மீட்டான்; மறுமலர்ச்சிக்காரரின் பணிவு மிகுந்த முன்னுரையை அவன் பகிடி செய்தான். எனினும், ஒரு வினா எஞ்சுகின்றது. அங்கே சிரிப்புக்கிலக்கானவன் யார்? பாடலைத் தூய்மையாக்கிய அறிஞனா, அன்றிப் பாடலைப் பாடிய நாட்டுப்புறத்தானா? நாட்டுப்புறத்தான் அவ்வரங்கில் இல்லை. இலண்டன் நடிகர் ஒருவர் அவனது கொச்சைக் குரலை ஏற்றுப் பாடினார். நகரம், நாட்டுப்புறத்தின் குரலில், தன்னைப் பார்த்தே சிரித்துக்கொண்டது. இந்த வினாவை மனத்திலிருத்தியே நமது தோட்டங்களை நோக்குதல் வேண்டும்.

2. சப்பிரகமுவாவின் தனித்தன்மை

மலையகம் என்றதும் நுவரெலியாவின் தொடர்ந்த தேயிலை மலைகளே நினைவுக்கு வருவது வழக்கம். சப்பிரகமுவாவின் நிலை வேறு. கேகாலை மாவட்டத்தின் எட்டியாந்தோட்டை, தெரணியகலை, ருவான்வெல்லைப் பகுதிகளிலும், இரத்தினபுரி மாவட்டத்தின் பெல்மதுளை, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பகுதிகளிலும் தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்து வளர்கின்றன. தோட்டங்களுக்கிடையே சிங்களக் கிராமங்களும் வயல்களும் இரத்தினக்கல் அகழும் குழிகளும் உள்ளன. தோட்டத் தமிழர் இங்கு ஒருபோதும் பெருந்தொகுதியாகத் திரண்டு வாழவில்லை. தீவுகளாகச் சிதறியே வாழ்ந்தனர். இன்றும் அவ்வாறே வாழ்கின்றனர்.

இறப்பர்த் தோட்டத்தின் வேலை ஒழுங்கும் வேறுபட்டது. வெயிலேறுமுன் பால்வெட்ட வேண்டும். மரம் நனைந்தால் வெட்ட முடியாது. மழை மிகுந்த இம்மாகாணத்தில் மழை நாளென்பது வேலையற்ற நாள். தோட்ட வழக்கில் ஒரு நாட் கூலி ‘பேர்’ எனப்படும். அரைநாட் கூலி ‘அரைப்பேர்’. கணக்கப்பிள்ளை செக்றோலில் பேர் போட்டாலன்றிக் கூலி இல்லை. ஒரு மனிதனின் உழைப்புக்கும் அவனது பெயருக்கும் ஒரே சொல்லை வழங்கிய இவ்வழக்கினுள்ளே ஒரு கசப்பான நகை புதைந்திருக்கின்றது. பெயரைப் பாதியாக வெட்டும் அதிகாரம் கணக்கப்பிள்ளையின் பேனாவில் இருந்தது.

அரசியல் வரலாற்றிலும் இம்மாகாணத்துக்குச் சிறப்பிடம் உண்டு. 1934-35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய் கேகாலை மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. சூரியமல் இயக்கத்தினர் அங்கு நிவாரணப் பணியாற்றினர். அப்பணியின் வழி வேரூன்றிய என்.எம். பெரேரா 1936இல் ருவான்வெல்லைத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1946இல் கேகாலை மாவட்டத்தின் நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசு கிராம விரிவாக்கத்துக்கெனக் கையேற்று, அங்கு வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரை வெளியேறப் பணித்தபோது பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. குடியுரிமைச் சட்டங்களுக்கு முன்னரே, ‘நீ இம்மண்ணுக்குரியவனா?’ என்ற வினா கேகாலையில் எழுப்பப்பட்டுவிட்டது.

3. கூத்தரங்கும் கோமாளியும்

மலையகத்தின் முதன்மையான கூத்துக்கள் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்னும் மூன்றாம். இவற்றுட் காமன் கூத்து மாசி மாதத்து வளர்பிறையில் காமன் ஊன்றுதலோடு தொடங்கிப் பூரணையையொட்டிக் காமன் தகனத்தோடு உச்சமடைகின்றது. தனியான மேடை இல்லை. லயத்துக்கு அண்மையிலுள்ள காமன் பொட்டலே அரங்கு. இரதி, மதன், தூதன், வீரபத்திரன், எமன் ஆகிய பாத்திரங்களைத் தோட்டத்து மக்களே ஏற்பர். தப்பும் உறுமியும் முழங்கும். காலையில் பிரட்டுக்கு அழைக்கும் அதே தப்பு, இரவிலே தெய்வத்தை ஆடவைக்கின்றது.

இவ்வரங்கில் எல்லைகளற்று உலவும் ஒரே மாந்தன் கோமாளி. தெருக்கூத்தின் கட்டியக்காரனுக்கும் இசைநாடகத்தின் பபூனுக்கும் உறவினன் இவன். வேடம் கட்டும் இடைவேளையை நிரப்புவது, கூட்டத்தை ஒழுங்கு செய்வது, குழந்தைகளை விழித்திருக்கச் செய்வது என்பன அவனது வெளிப்படையான பணிகள். ஆனால் அவற்றினூடே அவனுக்கு மட்டும் ஓர் உரிமை உண்டு. புராணப் பாத்திரங்கள் எழுதப்பட்ட பாட்டையும் வாத்தியார் கற்பித்த வசனத்தையுமே கூறவேண்டும். கோமாளியோ அன்று காலை மலையில் நடந்ததைக் கூறலாம். கூத்து வாத்தியார் கண்ணியமாக வினவ, கோமாளி கோணலாக விடையிறுப்பான். கென்னத் ஹோர்ணுக்கும் சிட் றம்போவுக்கும் இடையிலான அதே அமைப்பு, எவ்விதத் தொடர்புமின்றி, லயத்துக் களத்திலும் விளங்குவது கவனிக்கத்தக்கது.

கோமாளியின் எள்ளலுக்கு இலக்கானோர் யாவர்? முதலாவது கங்காணி. கோட்டும் தலைப்பாகையும் குடையும் தரித்து, ஊரில் ஆட்கட்டி அழைத்துவந்து, தலைக்காசு பெற்று, கடனால் மக்களைக் கட்டிவைத்த பெரிய கங்காணியின் செல்வாக்குக்குத் துண்டு முறை பெருந்துணையாயிருந்தது. தொழிலாளி தன் கடனைச் சுமந்த துண்டோடு ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குக் கைமாற்றப்பட்ட அம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கங்காணியின் மிடுக்கு அவ்வளவு விரைவில் ஒழியவில்லை. மலையக நாட்டார் பாடல்களிற் கங்காணி மீதான கேலி மிகுந்து காணப்படுவது இதனாலேயாம்.

இரண்டாவது துரை. தோட்டத் துரைமாருக்கென ஆங்கிலேயர் எழுதிய தமிழ்க் கைந்நூல்கள் இங்கு ஆராயத்தக்கவை. ஏ.எம். பேர்கசனின் கைந்நூலின் பெயரே ‘இங்கே வா’ என்பது. டபிள்யூ.ஜீ.பி. வெல்ஸ் 1915இல் வெளியிட்ட நூல் ‘கூலித் தமிழ்’ எனப் பெயர்பெற்றது. ஒரு மொழியை அதன் ஏவல் வினைகளின் தொகுதியாகக் கற்றவர்கள் துரைமார். தொல்காப்பியத்தையும் திருக்குறளையும் உடைய மொழி, மலைச்சரிவிலே ‘வா, போ, வெட்டு, எடு’ என்பனவாகச் சுருங்கியது. கோமாளி இச்சுருக்கத்தையே தன் ஆயுதமாக்கினான். தொப்பியும் தடியும் தரித்துத் துரையின் நடையை நடந்து, துரையின் தமிழைப் பேசி, இடையிடையே பொருளற்ற ‘இங்கிலீசை’ உதிர்த்தான். சிட் றம்போவின் பொருளற்ற சொல் தணிக்கையாளனிடமிருந்து தப்புவதற்கான சொல். கோமாளியின் பொருளற்ற இங்கிலீசோ, ஆள்வோனின் மொழி ஆளப்படுவோன் செவியில் எவ்வாறு விழுகின்றது என்பதைக் காட்டும் சொல். இரண்டிலும் வசையென்று சுட்டத்தக்க ஒரு சொல்லும் இல்லை; எனவே தண்டிக்கவும் வழியில்லை.

மூன்றாவது தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் எள்ளுதல். இதனை மறைத்தல் ஆய்வு நேர்மையாகாது. கோமாளியின் பகிடியிலே பெண்கள், வயோதிபர், உடற்குறையுடையோர், தாழ்த்தப்பட்ட சாதியினர் ஆகியோரும் இலக்காயினர். கூத்திற் பெண் வேடத்தை ஆண்களே ஏற்றனர். பெண்ணைப் பற்றிய நகை ஆணின் வாயிலிருந்தே வந்தது. எனவே, கோமாளியை வர்க்கப் போராளியாக மட்டும் சித்திரித்தல் பொருந்தாது. மேல் நோக்கி எறியும் கையே கீழ் நோக்கியும் எறிந்தது.

இன்னுமொரு கூறும் முக்கியமானது. காமன் கூத்தின் உச்சம் மதனின் எரிவும் இரதியின் புலம்பலும் ஆகும். அப்புலம்பல், இறந்தோர்க்குப் பெண்கள் பாடும் ஒப்பாரியோடு உறவுடையது. கோமாளி சிரிக்கவைத்த அதே இரவில், அதே பொட்டலில், அதே மக்கள் அழுதனர். துயரப் பாடலையும் நகைப்பாடலையும் தனித்தனியே பிரித்து, ஒன்றை இலக்கியமென்றும் மற்றதைக் கேளிக்கையென்றும் வகுத்தது ஏட்டுக்கல்வியின் பழக்கம். அவற்றைப் பாடியோர் அவ்வாறு பிரிக்கவில்லை.

4. அனுமதிக்கப்பட்ட சிரிப்பும் அதன் எல்லையும்

ரஷ்ய அறிஞர் மிகயில் பக்தீனின் றபெலே பற்றிய நூல் 1965இல் வெளியானது. இடைக்கால ஐரோப்பாவின் திருவிழாச் சிரிப்பு அதிகாரத்தைத் தலைகீழாக்கிக் காட்டியது என்பது அவரது கருத்து. இதற்கு எதிராக, அச்சிரிப்பு அதிகாரத்தால் அனுமதிக்கப்பட்டதேயென்றும், ஆண்டுக்கொருமுறை ஆவியை வெளியேற்றும் துவாரமாக அது பயன்பட்டதென்றும் வாதிடுவோர் உளர். தோட்டத்துக் கூத்துக்கும் இவ்வினா பொருந்தும். கூத்துக்கு நிருவாகத்தின் இசைவு வேண்டும். கங்காணியின் பொருளுதவியும் வேண்டும். விடிந்ததும் தப்பு முழங்கும். கோமாளியாக ஆடியவன் பால்வாளியோடு மலையேறுவான். அவன் கேலி செய்த கணக்கப்பிள்ளையே அவனுக்குப் பேர் போடுவான்.

எனினும், இச்சிரிப்பு முற்றிலும் வீணாயிற்று என்றும் கூறவியலாது. பாடல் மெட்டை எடுத்துப் புதுப்பொருளை ஏற்றும் வித்தை கூத்தரங்கோடு நின்றுவிடவில்லை. கோ. நடேசய்யர் 1931இல் ஹற்றனை மையமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளரை அணிதிரட்டத் தொடங்கியபோது, அவரது துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களிற் பாட்டுக்களைப் பாடியே மக்களை ஈர்த்தார். பின்னர், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் (குடியுரிமை)ச் சட்டமும் இம்மக்களை நாடற்றவராக்கியபோது, துண்டுப்பிரசுரப் பாடகர்கள் சந்தைகளிலும் புகையிரதங்களிலும் திருவிழாக்களிலும் பாட்டுப் பாடி, அச்சிட்ட தாள்களைச் சில சதங்களுக்கு விற்றனர். கோவிந்தசாமித் தேவர், ஜில் சுல்தான், வேல்சாமிதாசன் ஆகியோர் பெயர்கள் இம்மரபிற் பேசப்படுகின்றன. அறிந்த மெட்டு, அறியாத செய்தி என்னும் இவ்வுத்தி கோமாளியிடமிருந்து பெற்ற சொத்து எனலாம். தமிழகத்தில் என்.எஸ். கிருஷ்ணன், கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் சரித்திரத்தைப் போலிசெய்து ‘கிந்தனார்’ என்ற நகைக் காலட்சேபத்தைப் படைத்ததும், அதிலே கல்வி பெறும் ஒடுக்கப்பட்ட சிறுவனை நாயகனாக்கியதும் இதே மரபின் நகர வடிவமாம். 1949இல் வெளியான ‘நல்லதம்பி’ திரைப்படத்தின் வழி அது பரவலாயிற்று.

5. வானொலியிற் கேட்ட குரலும் கேளாத குரலும்

கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பரில் தொடங்கியது. 1949இல் ‘ரேடியோ சிலோன்’ என்ற அமைப்பும், 1967 ஜனவரியில் கூட்டுத்தாபனமும் உருவாயின. தமிழ் நகைச்சுவை நாடகம் இவ்வானொலியிற் செழித்து வளர்ந்தது. ‘சானா’ எனப்பட்ட சண்முகநாதனின் காலத்தில் ஒலித்த ‘லண்டன் கந்தையா’, ‘விதானையார் வீட்டில்’ முதலிய தொடர்கள் யாழ்ப்பாணப் பேச்சுமொழிக்கு வானலைகளில் இடம்பெற்றுக் கொடுத்தன. அதுவரை செந்தமிழே வானொலித் தமிழ் என்றிருந்த நிலையில் இது ஒரு முன்னேற்றமாகும்.

1970களில் வர்த்தக சேவையில் ஒலிபரப்பாகி, நாடெங்கும் பெரும் வரவேற்பைப் பெற்ற தொடர் எஸ். ராம்தாசின் ‘கோமாளிகள் கும்மாளம்’ ஆகும். அதன் பெருவெற்றி 1976இல் ‘கோமாளிகள்’ என்ற திரைப்படத்தைத் தோற்றுவித்தது. மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர் என்ற நால்வரே அதன் மைய மாந்தர். முஸ்லிம் மக்களின் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ், பிராமணத் தமிழ் ஆகியன ஒன்றோடொன்று மோதிப் பிறக்கும் நகையே அதன் உயிர். பல இனத்தவரும் ஒரே வீட்டில் பகிடியாகப் பேசி வாழ்வதாகக் காட்டிய அத்தொடரின் நல்லெண்ணம் போற்றற்குரியது. எனினும், அந்நால்வருள் தோட்டத் தமிழ் பேசுபவர் ஒருவரும் இல்லை என்பதை வரலாற்று மாணவன் கவனியாதிருக்கவியலாது. இலங்கைத் தமிழின் பல்வகைமையைக் கொண்டாடிய புகழ்மிக்க ஒரு நகைநாடகத்தின் பெயரிலே ‘கோமாளி’ இருந்தான். ஆனால் லயத்துக் கோமாளியின் மொழிக்கு அதன் மையத்தில் இடமிருக்கவில்லை.

இல்லாமை ஒரு வகை அவமதிப்பெனில், எள்ளப்படும் இருப்பு மற்றொரு வகை. நகரத்து நடுத்தர வர்க்கத்தினரின் பேச்சில் ‘தோட்டக்காட்டான்’ என்ற வசைச்சொல் வழங்கிவந்தது. தோட்டத்து மக்களின் பேச்சு வழக்கு அறியாமையின் அடையாளமாகவும் சிரிப்புக்குரிய ஒலியாகவும் கருதப்பட்டது. கோமாளி, தான் துரையாக நடித்துத் துரையை எள்ளினான். நகரத்தானோ தோட்டத்தானாகப் பேசிக்காட்டித் தோட்டத்தானை எள்ளினான். நடிப்பு ஒன்றே, திசைதான் எதிர். சிட் றம்போவின் பாடலை நோக்கி நாம் எழுப்பிய வினாவுக்கு இங்கு விடை கிட்டுகின்றது. ஒரு குரலைப் போலிசெய்வது தன்னளவிற் குற்றமுமன்று, விடுதலையுமன்று. அக்குரலுக்குரியவன் தன் முறை வரும்போது ஒலிவாங்கியின் முன் நிற்க வாய்ப்புண்டா என்பதே அதன் தன்மையைத் தீர்மானிக்கின்றது. ஆங்கில நாட்டுப்புறத்தானுக்கு வானொலிக் கதைப்பாடல்களிலேனும் அவ்வாய்ப்புக் கிட்டிற்று. சப்பிரகமுவாவின் பால்வெட்டுத் தொழிலாளிக்கு அது அரிதாகவே கிட்டிற்று.

6. சேகரிப்பும் தூய்மையாக்கமும்

தமிழில் நாட்டார் பாடற் சேகரிப்பு சார்ள்ஸ் கோவர் 1871இல் வெளியிட்ட நூலிலிருந்தே கவனம் பெற்றது. பெர்சி மக்குயீன் திரட்டிய பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் 1958இல் ‘மலையருவி’ எனப் பதிப்பித்தார். 1964இல் நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ வெளியாயிற்று. உழைப்பின் பின்னணியில் பாடலை வைத்து நோக்கும் முறையை நிலைநாட்டியவர் வானமாமலை. மலையகத்திலே இப்பணியைத் தன்னந்தனியே மேற்கொண்டவர்களுள் தலையாயவர் சி.வி. வேலுப்பிள்ளை (1914-1984). மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்து, 1947இற் பாராளுமன்றத்துக்குத் தெரிவான அவர், தம் வாழ்நாளின் இறுதியில் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற தொகுப்பைத் தந்தார். அவரைத் தொடர்ந்து சாரல்நாடன் மலையக வாய்மொழி இலக்கியம் பற்றி எழுதினார். இவர்களின்றி நமக்கு இன்று பேசுதற்குப் பொருளே இராது.

ஆயினும், அத்தொகுப்புக்களைப் பயன்படுத்திய பின்னையோர் ஒரு தெரிவைச் செய்தனர். குடியுரிமை மறுக்கப்பட்ட மக்களுக்காக வாதாடும்போது கண்ணீர் சான்றாக உதவும், பகிடி உதவாது. ‘இவர்கள் சிரிக்கின்றார்களே, இவர்களுக்கு என்ன குறை?’ என்று எதிரி வினவக்கூடும். எனவே துயரப் பாடல் மேற்கோளாயிற்று, நகைப்பாடல் ஓரம்போயிற்று. அதனுள்ளும் பாலியற் குறிப்புடையது ‘கொச்சை’ எனத் தள்ளப்பட்டது. செசில் ஷார்ப் வரவேற்பறைக்காகச் செய்ததை நாம் அரசியல் மேடைக்காகவும் பாடநூலுக்காகவும் செய்தோம். நாட்டார் வழக்கிலுள்ள பாலியற் கதைகளை ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’ எனத் துணிந்து வெளியிட்ட கி. ராஜநாராயணனைப் போன்றதொரு முயற்சி மலையக நகைப்பாடல்களுக்கு வாய்க்கவில்லை.

இத்தெரிவின் விளைவு பாரதூரமானது. துயரப் பாடல் மட்டும் எஞ்சும்போது, இம்மக்கள் தம்மீது நிகழ்ந்ததை அனுபவித்தவராக மட்டுமே தோன்றுவர். தம்மை ஆண்டோரைக் கூர்ந்து நோக்கி, எடைபோட்டு, அவர்தம் நடையையும் மொழியையும் அளந்து, அவற்றைப் பலர் முன் நடித்துக் காட்டிய அறிவாளிகளாக அவர்கள் வரலாற்றிற் பதிவு பெறார். நகைப்பாடல் அம்மக்களின் விமரிசனமாகும். அது தொலைந்தால், அவர்களது வரலாற்றைக் குறித்து அவர்களே எழுதிய உரை தொலைந்ததாகும்.

7. சிதறிய குரல்கள்

சப்பிரகமுவாவில் இவ்விழப்பு ஏனைய பகுதிகளிலும் கடுமையானது. 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சமபாதியாகப் பிரிக்கப்பட்டனர். வாத்தியார் நீலகிரிக்கும், கோமாளி லயத்துக்கும், தப்படிப்பவன் வேறெங்கோவும் எனக் கூத்துக் குழுக்கள் பிரிந்தமை இப்பங்கீட்டிற் கணக்கிடப்படாத செலவாகும். அதன்மேல் 1977இலும், 1981 ஓகஸ்ட்டில் இரத்தினபுரி, காவத்தை, பலாங்கொடை முதலிய பகுதிகளிலும், 1983இலும் நிகழ்ந்த வன்செயல்கள் பல குடும்பங்களை வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் துரத்தின. சிதறி வாழ்ந்த சிறு தொகையினர் மேலும் சிதறினர். நாடற்றோர் நிலை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாற் பெருமளவு தீர்ந்தது. குடியுரிமை மீண்டது, குரல் அவ்வாறு சட்டத்தால் மீள்வதன்று.

எனவே, செய்யவேண்டியன சில உள. மாகாணத்தின் தோட்டங்களில் எஞ்சியுள்ள முதிய கூத்துக் கலைஞரிடமிருந்து புராணப் பகுதிகளோடு கோமாளியின் இடைப்பகுதிகளையும் ஒலிப்பதிவு செய்தல் வேண்டும். ஏட்டிலே எழுதப்படாத பகுதி அதுவே. முதலில் அழிவதும் அதுவே. அவ்வாறு பதிவு செய்யுங்கால் சொல்லைத் திருத்தலாகாது, கொச்சையென விலக்கலாகாது, தோட்டத்து வழக்கோடு கலந்துள்ள சிங்களச் சொற்களையும் துரைமார் விட்டுச்சென்ற ஆங்கிலச் சொற்களையும் இருந்தவாறே பேணல் வேண்டும். சாதியையும் பெண்ணையும் இழிக்கும் பகுதிகளைப் புகழ வேண்டியதில்லை, மறைக்கவும் வேண்டியதில்லை, ஆராய வேண்டும். கூத்தைப் பார்த்திருந்த பெண்களிடமும் வினவ வேண்டும். எந்தப் பகிடிக்குச் சிரித்தோம், எதற்குத் தலைகுனிந்தோம் என்பதை அவர்களே கூறவல்லர். பெலிகுல்லோயாவில் அமைந்துள்ள சப்பிரகமுவாப் பல்கலைக்கழகத்துக்கு இத்தோட்டங்கள் தொலைவில் இல்லை. அங்கு பயிலும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அம்மொழி வீட்டுமொழி.

இலண்டன் வானொலியின் சிட் றம்போ பாடிய பொருளற்ற பாடல்கள் இசைத்தட்டிலும் ஒலிப்பேழையிலும் காக்கப்பட்டு இன்றும் கேட்கப்படுகின்றன. எழுத்தாளர், நடிகர், ஒலிபரப்பான ஆண்டு யாவும் குறிக்கப்பட்டுள்ளன. பொருள் நிறைந்த பாடல்களைப் பாடிய தோட்டத்துக் கோமாளிகளின் பெயர்கள் செக்றோலின் வரிகளிற் கூலிக்கணக்காக மட்டுமே எழுதப்பட்டன. அப்பெயர்களைக் கலைஞரின் பெயர்களாகவும் எழுதும் கடமை, இப்பாடல்களைத் தாயின் வாயிலும் பாட்டனின் வாயிலும் கேட்ட தலைமுறை மறையுமுன் நிறைவேற்றப்படல் வேண்டும்.